விரல் பட்டால் பிரஷர் இறங்கும்

கடைத்தெருவில் ஒரு கட்டடத்தின் நான்காவது மாடியில் ஒரு மகான் மருந்தில்லாமல், விரலால் தொட்டே ரத்த அழுத்தத்தை இறக்குகிறாராம். கேட்டதுதான் தாமதம், ஊரே படியேறியது. லிஃப்ட் இருந்தது. அது மகானுக்கு மட்டும். மற்றவர்கள் நடந்து ஏறினால்தான் பாவம் கரையுமாம்.

ஊரார் பார்வையைத் திருத்துகிற கண்ணாடிக் கடைக்காரரும் மூச்சிரைக்க ஏறினார். வாசலிலேயே சிஷ்யர் அவர் கையைத் தொங்கவிடச் சொல்லி, பட்டையைச் சுற்றி அளந்தார். நூற்றெண்பது. பிறகு மெத்தையில் வெகுநேரம் கண்மூடிப் படுக்கவைத்தார்கள். மகான் வந்து நெற்றியில் விரல் வைத்தார். மறுபடி அளந்தால் நூற்றைம்பது. அதுவும் அதிகம்தான் என்று மகான் சொல்லவில்லை, கடைக்காரரும் கேட்கவில்லை. கண் கலங்க வீட்டுக்கு வந்து பிரஷர் மாத்திரைகளைக் குப்பையில் கொட்டினார்.

வாரம் தவறாமல் மகானிடம் படியேறியும் சில மாதத்தில் கால் வீங்கியது, சிறுநீர் நுரைத்தது. மனைவி அவரை இழுத்துக்கொண்டு போய் டாக்டரம்மா முன்னால் உட்காரவைத்தார்.

"பிரஷரால கிட்னி அடிபட்டா, அது ஹார்மோன்களைக் கிளப்பிவிடும். அதுங்க ரத்தக்குழாயை இறுக்கும், உப்பைப் பிடிச்சு வைக்கும். பிரஷர் இன்னும் ஏறும். குழாயோட உள்சுவர்ல அழற்சி வரும். அழற்சி ஓயாம இருந்தா தழும்பாகும். தழும்பான கிட்னி வடிகட்டாது. இதயத்துக்கும் இதே கதிதான்."

"மகான் தொட்டா ஹார்மோன் அடங்கிடும் டாக்டர்" என்றார் கடைக்காரர்.

"அப்படியா? கூட்டிட்டு வாங்க. லேப்ல ஆள் பத்தல."

கடைக்காரர் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் மறுநாள் காலையில் மகானிடம் போகச் செருப்பைத் தேடினார்.

"இருங்க, நானும் வர்றேன்" என்றார் மனைவி.

வழக்கம்போல மூச்சிரைக்க ஏறியதும் நூற்றுத் தொண்ணூறு. வழக்கம்போல மெத்தை. மகான் விரலை நீட்டியபோது மனைவி குறுக்கே நின்றார்.

"தொடாதீங்க சாமி. தொடாம ஒரு தடவை அளந்து பாத்துடலாம்."

சிஷ்யர் பட்டையைப் பின்னால் மறைத்தார். மனைவியே பட்டையை வாங்கிச் சுற்றினார். நூற்றறுபது.

"தொடாமலே இறங்கிடுச்சே?" பக்கத்து மெத்தைக்காரர் எழுந்து உட்கார்ந்தார்.

"என் பார்வை பட்டிருக்கும்மா" என்றார் மகான்.

"சரி சாமி. அப்ப நீங்க ஒரு தடவை கீழ போய் படியில ஏறி வாங்க. உங்க பார்வை உங்களை விட்டு எங்க போயிடும்? வந்ததும் உங்க பிரஷர் ஏறியிருக்கான்னு அளந்துடலாம்."

கூட்டம் பணிவோடு வழிவிட்டது. மகான் கம்பீரமாகப் படியிறங்கினார். இறங்கியவர் இறங்கியவர்தான்.

கடைக்காரர் மறுபடி மாத்திரைக்கு வந்தார். தழும்பானது தழும்பானதுதான், மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டரம்மா. மிச்சம் பாதிகூட இல்லை. அன்று முழுக்க அவர் மனைவியின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

கேள்வி கேட்டால் சாமிக்குக் கோபம் வரும் என்று நடுங்குகிறவர்களே, கேட்காமல் விட்டால் சிறுநீரகத்துக்குக் கோபம் வரும். அதற்குப் பரிகாரம் சொல்ல எந்த மகானும் மேலே ஏறி வரமாட்டார்.