மூன்றாம் வரிசையில் ஒரு கைக்குட்டை

இனிமேல் என் பேச்சைக் கேட்டு ஒருவரும் தூங்கக் கூடாது என்று ஒரு திங்கட்கிழமை காலையில் சபதம் எடுத்தேன். எடுக்கும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது. ஐம்பத்தொரு வயதில் சபதத்தைக்கூட உட்கார்ந்துகொண்டுதான் எடுக்க முடிகிறது.

என் பிழைப்பு அப்படி. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் தண்ணீர் ஏற்றும் மோட்டார்களைப் பராமரிப்பது எங்கள் கம்பெனியின் வேலை. நான் குடியிருப்பு குடியிருப்பாகப் போய், சங்கத்துக்காரர்களை ஒரு ஹாலில் உட்கார வைத்து, விளக்கை அணைத்து, நாற்பத்திரண்டு ஸ்லைடு போட்டுக் காட்டி, வருடப் பராமரிப்புக்குக் கையெழுத்து வாங்க வேண்டும். ஐந்தாவது ஸ்லைடில் பொருளாளர் சாய்வார். பத்தொன்பதாவது ஸ்லைடில், பேரிங் தேய்மானம் வரும்போது, செயலாளர் குறட்டை விடுவார். போன மாதம் ஓரிடத்தில் விளக்கைப் போட்டுப் பார்த்தால் ஒரே ஒருவர்தான் விழித்துக்கொண்டு இருந்தார். மனம் குளிர்ந்து அவரிடம் போனேன். ஹாலைப் பூட்டுவதற்காகக் காத்திருந்த வாட்ச்மேன் அவர்.

மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். அவர் கத்துகிற ஆள் இல்லை. கத்தினால் தேவலை. வெள்ளிக்கிழமை முந்நூறு வீடுகள் உள்ள பெரிய குடியிருப்பு என்றார். அங்கேயும் தூங்கினார்கள் என்றால், அடுத்த திங்கள் முதல் நான் உதிரிபாகக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். கிடங்கு ஊருக்கு வெளியே, இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். மின்விசிறி கிடையாது. பேசுவதற்கு வால்வுகளும் வாஷர்களும்தான் உண்டு. நான் இருபத்தாறு வருடம் உட்கார்ந்து பள்ளம் விழ வைத்த நாற்காலி என் கண் முன்னால் வந்து நின்றது. கடைசி முயற்சியாக என்னை ஒரு நாள் பயிற்சி வகுப்புக்கு அனுப்பினார்.

பயிற்சி கொடுத்தவருக்கு என்னைவிட இருபது வயது குறைவு, உற்சாகம் இருநூறு மடங்கு அதிகம். எண்களைச் சொன்னால் ஜனங்கள் தலையை ஆட்டுவார்கள், ஒரு மனுஷன் பட்ட பாட்டைச் சொன்னால் நிமிர்ந்து உட்காருவார்கள் என்றார். கதை சொல்லுங்கள், அதுவும் உங்கள் வீட்டுக் கதையாகச் சொல்லுங்கள், நெஞ்சைத் தொடுங்கள் என்றார். டீ இடைவேளையில் என்னைத் தனியே அழைத்து ஒரு தொழில் ரகசியமும் சொன்னார். கூட்டத்தில் நம்ம ஆள் ஒருவரை உட்கார வைத்து, சரியான இடத்தில் கண்ணைத் துடைக்கச் சொல்ல வேண்டுமாம். முதல் வரிசை என்றால் சந்தேகம் வரும், கடைசி வரிசை கண்ணில் படாது, மூன்றாவது வரிசைதான் சரி. அழுகையும் கொட்டாவி மாதிரி பக்கத்து ஆளுக்குத் தொற்றும் என்றார். கொட்டாவி தொற்றுவதில் எனக்கு நிறைய அனுபவம் இருந்ததால் உடனே நம்பினேன்.

வீட்டுக்கு வந்தேன். மனைவி கட்டில் மேல் துணி மடித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொல்லிவிட்டு, நம் வீட்டில் சோகமாக ஏதாவது நடந்திருக்கிறதா என்று கேட்டேன். என்னைத் தலை முதல் கால் வரை ஒரு தடவை பார்த்தாள்.

"கல்யாணத்துக்கு முன்னாடியா, அப்புறமா?"

"மோட்டார் சம்பந்தமா."

மடிப்பதை நிறுத்தாமலே சொன்னாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் கட்டடத்து மோட்டார் ஒரு வாரம் முனகியது. மூன்று தடவை என்னிடம் சொன்னாளாம். மோட்டார் பராமரிப்புக் கம்பெனியில் வேலை பார்க்கும் நான், மூன்று தடவையும் "பார்த்துக்கலாம்" என்றேனாம். அது நின்றுபோன அன்று நான் வெளியூரில் மோட்டாரைப் பராமரிப்பது எப்படி என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அவளுக்குக் காய்ச்சல். எங்கள் வீடு மூன்றாவது மாடி. கீழே தெருக்குழாயில் மட்டும் தண்ணீர் வந்தது.

"பதினாலு பக்கெட். கடைசி பக்கெட்டை வெச்சுட்டு அப்படியே படியில உக்காந்துட்டேன். நீங்க சாயங்காலம் வந்தீங்க. ரெண்டு பக்கெட்ல குளிச்சீங்க. சோப்பு தீர்ந்துபோச்சுன்னு சொன்னீங்க."

எனக்கு வெட்கமாக இருந்தது. பொய் சொல்லவில்லை, ஒரு நிமிடம் முழுக்க வெட்கப்பட்டேன். அடுத்த நிமிடம், இது எப்பேர்ப்பட்ட கதை என்று மண்டையில் உறைத்தது. காய்ச்சல் இருக்கிறது, மாடிப்படி இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது. கதாநாயகன்தான் சரியில்லை. அதனால் சின்னதாக ஒரு திருத்தம் செய்தேன். காய்ச்சலை அவளிடமே விட்டுவிட்டு, வாளிகளை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை அவளை உட்கார வைத்துத் திருத்திய கதையைச் சொல்லிக் காட்டினேன். ஏழாவது வாளியில் நான் படியில் ஒரு கணம் நிற்பேன், அப்போது நீ மூன்றாவது வரிசையில் கண்ணைத் துடைக்க வேண்டும் என்றேன். அவள் சண்டைக்கு வரவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. கைக்குட்டை வெள்ளையா, பூப்போட்டதா என்று மட்டும் கேட்டாள். இருபத்து நாலு வருடம் குடித்தனம் நடத்தியவன், அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை ஹால் நிறைந்திருந்தது. மேனேஜர் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விளக்கை அணைக்கவில்லை. ஒரே ஒரு படம் போட்டேன், காலி வாளி ஒன்று. பிறகு ஆரம்பித்தேன். மூன்றாவது வாளியில் செல்போன்கள் கீழே இறங்கின. ஏழாவது வாளியில் படியில் நின்றேன். அவள் துடைத்தாள். என்ன துடைப்பு அது, எனக்கே பரிதாபமாக இருந்தது. பக்கத்திலிருந்த அம்மாள் மூக்கை உறிஞ்சினார். பத்தாவது வாளியில் பொருளாளர் கண்ணாடியைக் கழற்றினார். பதினாலாவதை வைத்துவிட்டு நெற்றி வியர்வையைத் துடைத்தேன். அந்த வாளிகளை நான்தான் தூக்கினேன் என்று நானே நம்பிவிட்டேன். தோள்பட்டைகூட லேசாக வலித்தது.

கையெழுத்துத் தாளை நீட்டினேன். அப்போதுதான் சங்கத் தலைவர் எழுந்தார். பள்ளிக்கூட ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயிரம் வாத்தியார்களின் பொய்யைக் கேட்டுப் பழகிய காது.

"கதை நல்லாத்தான் இருக்கு. நிஜமா நடந்ததா? பதினாலு பக்கெட்டையும் எந்தக் கையில தூக்கினீங்க?"

வலது கையை உயர்த்தினேன். பிறகு இடது கையை உயர்த்தினேன். பிறகு இரண்டையும் உயர்த்தினேன். போலீஸிடம் சரணடைந்தவன் மாதிரி நின்றேன். ஹாலில் முணுமுணுப்பு கிளம்பியது. மேனேஜர் கட்டிய கையை அவிழ்த்துக் கடிகாரத்தைப் பார்த்தார். கிடங்கின் துரு வாசனை என் மூக்குக்கு வந்தது.

மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது.

"ஐயா, அந்தக் காய்ச்சக்காரி நான்தான். பதினாலு பக்கெட்டும் நிஜம். ஒண்ணு விடாம என் கண்ணால பார்த்தேன்."

ஹால் அடங்கிப்போனது. எனக்கு அவள் காலில் விழலாம் போலிருந்தது. அவள் அதோடு உட்கார்ந்திருக்கலாம்.

"இவர் கூச்சப்பட்டுப் பாதியிலயே நிறுத்திட்டார். அன்னிக்கு என்னைப் படியில பார்த்துட்டு, இனிமே நீ கஷ்டப்படக் கூடாதுன்னார். அன்னையிலிருந்து காலையில என்னை எழுந்திரிக்கவே விடறதில்லைங்க. சமையல் இவர்தான், பாத்திரமும் இவர்தான்."

தலைவர் என் பக்கம் திரும்பி அப்படியா என்று கேட்டார். மேனேஜரும் பார்த்தார். முந்நூறு வீட்டு மோட்டார்களும் என் தலையாட்டலுக்காகக் காத்துக்கொண்டிருந்தன. ஆட்டினேன். கைதட்டல் ஓய ரொம்ப நேரமானது. தலைவர் கையெழுத்துப் போட்டார். அவருடைய மனைவி தம் கணவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, என் மனைவியின் நம்பரை வாங்கிக்கொண்டார். ஏதாவதொரு காலையில் வீடியோவில் கூப்பிடுகிறேன், உங்கள் வீட்டுக்காரர் சமைப்பதை எங்கள் வீட்டுக்காரருக்குக் காட்ட வேண்டும் என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன்.

"என்ன இப்படிப் பண்ணிட்டே?"

"உங்க நாற்காலியைக் காப்பாத்தினேன்."

"அது சரி. சமையலும் பாத்திரமும் எதுக்கு நடுவுல?"

"பதினாலு பக்கெட் தூக்கினவருக்கு நாலு பாத்திரம் பெரிசாங்க?"

பையைத் திறந்து எதையோ தேடினாள். பிறகு தழுதழுத்த குரலில், அத்தனை பேருக்கு முன்னால் வாயால் சொல்லிவிட்டேன், இந்த வயதில் என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள் என்றாள். கண்ணைக்கூடத் துடைத்தாள். பூப்போட்ட கைக்குட்டை. அழுகை தொற்றும் என்று பயிற்சியாளர் சொன்னது சத்தியமான வார்த்தை.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு அடுப்பைப் பற்ற வைத்தேன். ஆறு மணிக்குத் தலைவரின் மனைவி வீடியோவில் வந்தார். தலைவரும் வந்தார். என்னைவிட அவர் முகம்தான் பாவமாக இருந்தது.

கம்பெனியில் இப்போது எனக்கு நல்ல பெயர். இனி எந்தக் குடியிருப்புக்குப் போனாலும் மனைவியையும் அழைத்துப் போக வேண்டும் என்பது மேனேஜரின் உத்தரவு. அவளுக்குக் காரே அனுப்புகிறார். நாற்காலி என்னுடையதுதான், யாரும் கை வைக்க முடியாது. ஆனால் ஒரே கதையைத் திருப்பித் திருப்பிச் சொன்னால் சலித்துவிடும் என்று அவள் ஒவ்வொரு இடத்திலும் கடைசியில் கொஞ்சம் சேர்க்கிறாள். இரண்டாவது குடியிருப்பில் துணி துவைப்பது சேர்ந்தது. மூன்றாவதில் வீடு பெருக்குவது. நான்காவதில் ஒரு அம்மாள் விசும்பி விசும்பி அழுததைப் பார்த்து, ஜன்னல் கம்பி துடைப்பதையும் சேர்த்துவிட்டாள். என் பேச்சில் இப்போது ஒருவரும் தூங்குவதில்லை. தூக்கம் வருகிற ஒரே ஆள் நான்தான், நின்றுகொண்டே பேசுவதால் சமாளிக்கிறேன்.

நாளைக்கு ஐந்நூறு வீடுள்ள குடியிருப்பு. அங்கே குளியலறையைப் பற்றிச் சொல்லப் போகிறாள். அவள் பொய் சொல்ல மாட்டாள் என்பதால், பிரஷ்ஷை இன்றைக்கே என் கையில் கொடுத்துவிட்டாள்.