கடனே இல்லாதவனுக்குக் கார் கிடையாது

மின்னசோட்டா,
ஜூன் 2.

அன்புத் தங்கை மார்லிஸுக்கு,

அண்ணன் ஆர்லோ எழுதுவது. இங்கே நானும் நாயும் சௌக்கியம், நாய்க்கு மட்டும் ஒரு காது வீங்கியிருக்கிறது. ஏரியில் பனி உருகவே ஏப்ரல் கடைசி ஆகிவிட்டது. உருளைக்கிழங்கு ஊன்றியாயிற்று. அரிசோனாவில் வெயில் எப்படி என்று கேட்க மாட்டேன், கேட்டால் பெருமையடித்துக்கொள்வாய்.

விஷயத்துக்கு வருகிறேன். போன செப்டம்பரில் நீ போன் செய்து, அறுபத்து நாலு வயதில் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகவும், அப்பா இல்லாததால் நான்தான் கையைப் பிடித்து உன்னைத் தேவாலயத்துக்குள் அழைத்துப் போக வேண்டும் என்றும் சொன்னாய். போனை வைத்த பிறகு நான் கொட்டகைக்குப் போய் நாயிடம் விஷயத்தைச் சொன்னேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு. ஆனால் அடுத்த வாரமே நீ இன்னொரு குண்டைத் தூக்கிப் போட்டாய், விமான நிலையத்திலிருந்து உங்கள் ஊருக்கு இரண்டு மணி நேரம், மாப்பிள்ளை ரேமண்ட் வந்து கூட்டிப் போவார் என்று. முன்பின் பார்த்திராத மனிதர் எனக்காகப் போக இரண்டு, வர இரண்டு, நாலு மணி நேரம் வண்டி ஓட்டுவதா? அதை நான் எப்படித் திருப்பிச் செய்வது? பக்கத்துப் பண்ணை ஹெல்மா ஒரு பாத்திரத்தில் சாப்பாடு அனுப்பினால், அன்று சாயங்காலமே அதில் உருளைக்கிழங்கைப் போட்டுத் திருப்பி அனுப்பிய வீட்டில்தானே நாம் வளர்ந்தோம்? அதனால்தான் வாடகைக் கார் எடுத்து நானே வருகிறேன் என்றேன். சொன்னது ஒரே வார்த்தைதான், அதற்குப் பட்ட பாட்டை இப்போது கேள்.

வாடகைக் கார் கம்பெனியில் ஒரு பெண் பேசினாள். "கிரெடிட் கார்டு நம்பர் சொல்லுங்க சார்" என்றாள். "ரொக்கமா தரேம்மா" என்றேன். "ரொக்கம் செல்லாது சார்" என்றாள். மார்லிஸ், நான் வீட்டை ரொக்கத்தில் கட்டினேன், நாலு வண்டி ரொக்கத்தில் வாங்கினேன், உன் அண்ணி இரினை அடக்கம் செய்ததும் ரொக்கத்தில்தான். ஒரு வாரம் ஓட்டப்போகிற காருக்கு ரொக்கம் செல்லாதாம். வாடகையும் அவர்கள் பிடித்துவைக்கும் முன்பணமும் சேர்த்து எண்ணூறு டாலருக்குத் தாங்குகிற கார்டு வேண்டுமாம்.

சரி, முப்பத்தொரு வருஷமாகக் கணக்கு வைத்திருக்கும் வங்கிக்குப் போனேன். அங்கே ப்ரியானா என்று ஒரு பெண், நம் தேவாலயத்துக்கு வருகிறவள்தான். கம்ப்யூட்டரில் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, முகம் வாடி, "சார், உங்களுக்குக் கடன் வரலாறே இல்லையே" என்றாள். கைகுலுக்கப் போகிறாள் என்று நினைத்து நான் கையை நீட்டிவிட்டேன். "அது நல்லதுதானேம்மா?" என்று கேட்டேன். "இல்ல சார். நீங்க கடனே வாங்கினதில்ல. அதனால திருப்பிக் கட்டுவீங்களான்னு எங்களுக்குத் தெரியாது" என்றாள். கடன் வாங்காதவன் எதைத் திருப்பிக் கட்டுவான் என்று கேட்டேன். அவள் ஒரு மிட்டாய் கொடுத்தாள்.

நேரே காபிக் கடைக்குப் போய் வெண்டலிடம் சொன்னேன். உனக்குத் தெரியுமே, படகு வியாபாரத்தில் ஒரு தடவை, வான்கோழி வளர்த்து ஒரு தடவை, ஆக இரண்டு தடவை திவாலானவன். பர்ஸை விரித்துக் காட்டினான், நாலு கார்டு. "எனக்கு வாராவாரம் தபால்ல வருதுடா. என்னைப் பத்தி கார்டு கம்பெனிக்காரனுக்கு எல்லாம் தெரியும். உன்னை யாருக்குடா தெரியும்?" என்றான். அன்று காபிக்கும் அவனே கார்டைத் தேய்த்தான். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

மறுபடி ப்ரியானா. "ஒரு வழி இருக்கு சார். முந்நூறு டாலர் எங்ககிட்ட கட்டுங்க. அந்த முந்நூறுக்கு ஒரு கார்டு தரோம். முதல் தடவை அதுக்கு மேல கிடையாது." "அப்போ என் பணத்தையே நான் உங்ககிட்ட கடன் வாங்கணுமா?" "ஆமா சார்." "லேட்டானா வட்டி?" "அதுவும் உண்டு சார்." பைத்தியம் எனக்கா அவர்களுக்கா என்று தெரியாமலே கையெழுத்துப் போட்டேன். உனக்காகத்தான் போட்டேன்.

அக்டோபரில் கார்டு வந்தது. பெட்ரோல் பங்கில் ஒரு காபியும் ஒரு துண்டு கேக்கும், நாலு டாலர் பதினைந்து சென்ட், தேய்த்தேன். தேய்த்த கையோடு பதினோரு மைல் ஓட்டிப் போய் வங்கியில் நாலு டாலர் பதினைந்து சென்ட் கட்டினேன். இப்படியே வாரம் மூன்று தடவை. டிசம்பரில் பனிப்புயல் வந்து சாலையே தெரியாத அன்றும் போனேன். வங்கியை இன்னும் திறந்திருக்கவில்லை, வாசலில் காத்திருந்து ப்ரியானா வந்ததும் கட்டினேன். ஜனவரியில், இப்போது என் பெயர் எப்படி இருக்கிறது என்று பெருமையாகக் கேட்டேன். "சார், பில் போடறதுக்கு முன்னாடியே கட்டிடறீங்க. கார்டு சும்மாவே கிடக்குதுன்னுதான் மேலிடத்துக்குத் தகவல் போகுது. கொஞ்ச நாள் பாக்கி இருக்கணும் சார். அப்பதான் உங்களுக்கும் எங்களுக்கும் ஒரு பழக்கம் உண்டாகும்" என்றாள்.

அதற்குப் பிறகு நான் பட்டது பெரும்பாடு. மரம் அறுக்கும் ரம்பத்துக்குச் சங்கிலி ஒன்று, முப்பத்தெட்டு டாலருக்கு வாங்கி, கட்டாமல் விட்டேன். இருபத்திரண்டு நாள். தேவாலயத்தில் ப்ரியானா கண்ணில் படாமல் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். மளிகைக் கடையில் நேருக்கு நேர் மாட்டிக்கொண்டபோது, "உங்க பணம் எங்கயும் போகாதும்மா, தேதி வந்ததும் கொண்டுவரேன்" என்றேன். "சார், நான் தக்காளி வாங்க வந்தேன்" என்றாள். பில் வந்த அன்றே ஓடிப்போய்க் கட்டிவிட்டு, படியிலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். மாதாமாதம் இதே கூத்துதான்.

போன செவ்வாய்க்கிழமை பலித்தது. என் பெயருக்கு ஒரு கடன் மதிப்பெண் வந்திருக்கிறது, அறுநூற்று எழுபத்தொன்று. இரண்டாயிரம் டாலர் கார்டும் வந்துவிட்டது. வெண்டல் வாங்கிப் பார்த்து, "பரவால்லடா, நீ உயிரோடதான் இருக்க" என்றான். ஆகவே மார்லிஸ், ரேமண்டிடம் சொல்லிவிடு, என் பொருட்டு அவர் சிரமப்பட வேண்டாம். ஜூன் பதிமூன்றாம் தேதி மதியம் இரண்டு நாற்பதுக்கு இறங்குகிறேன், என் காரில் நானே வருகிறேன், மறுநாள் உன்னை அழைத்துப் போகிறேன், யாருக்கும் எதுவும் பாக்கி வைக்காமல் திரும்புகிறேன்.

நீயும் அவரும் நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும். புதிய காலணி போட்டுக் காலைப் புண்ணாக்கிக்கொள்ளாதே.

உன் பிரியமுள்ள அண்ணன்,
ஆர்லோ

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் கார் கம்பெனிக்குப் போன் செய்து கார்டு எண்ணைக் கம்பீரமாகப் படித்தேன். அந்தப் பெண் ஓட்டுநர் உரிமத்தின் தேதியைக் கேட்டாள். எடுத்துப் பார்த்தால், என் பிறந்தநாளான மே ஒன்பதோடு முடிந்துவிட்டது. அன்று நான் வங்கியில் பில் கட்டிக்கொண்டிருந்தேன். உரிமம் கொடுக்கும் அலுவலகத்துக்கு ஓடினேன், தற்காலிக உரிமம் என்று ஒரு மஞ்சள் காகிதம் கொடுத்தார்கள். அசல் உரிமம் வர ஆறு வாரமாம். காகிதத்துக்குக் கார் கிடையாது என்று அந்தப் பெண் சொல்லிவிட்டாள்.

ஆகவே ரேமண்டை வரச் சொல். காபி கருப்பாகக் குடிப்பேன், அதிகம் பேச மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவை. வழியில் முதல் பங்கிலேயே அவர் வண்டிக்குப் பெட்ரோல் நிரப்பிக் கணக்கைத் தீர்த்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். கொஞ்ச நாள் பாக்கி இருக்கட்டும். அவருக்கும் எனக்கும் ஒரு பழக்கம் உண்டாக வேண்டுமே.