வெறும் இலை போட்ட கல்யாணப் பத்திரிகை

எனக்குக் கோர்வையாக எழுத வராது. படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். ஞாபகமும் இப்போது ஓட்டைச் சல்லடை. முன்னுக்குப் பின்னாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையை நான் எழுதவில்லையென்றால் என் தம்பி மலையாளத்திலாவது எழுதிவிடுவான்; அவன் சொல்கிறபோதெல்லாம் நான் இன்னும் கொஞ்சம் முட்டாளாகிக்கொண்டே போகிறேன். அதற்கு நானே எழுதிவிடுவது மேல் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் குடும்பம் மட்டாஞ்சேரிக்கு வந்து தலைமுறைகள் ஆகிவிட்டன. என்னைச் சின்ன வயதில் பொள்ளாச்சியில் மாமா வீட்டில் விட்டிருந்ததால் தமிழ் படித்தேன். தம்பி இங்கேயே மலையாளத்தில் படித்தான். வீட்டில் தமிழ் பேசுவோம். படிக்கத் தெரிந்தது நான் ஒருத்திதான். என் வீட்டுக்காரர் போன பிறகு தம்பி வீட்டோடு இருக்கிறேன். அடுக்களை, அரிசி மில், கோயில் தவிர வேறெங்கும் தனியாகப் போனதில்லை. அறிமுகமில்லாதவர்கள் முன்னால் எனக்கு வாய் திறக்காது, தலை மட்டும் ஆடும். (அந்தத் தலையாட்டல்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.)

தம்பி மகள் ரேவதிக்குக் கோயம்புத்தூரில் மாப்பிள்ளை அமைந்தது. அவள் எர்ணாகுளத்தில் ஆராய்ச்சிப் படிப்பு படிப்பவள். கடையில் கொடுத்து அடிக்கிற பத்திரிகை அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆராய்ச்சிக் கட்டுரை எழுதும் டெக் என்கிற ஏற்பாட்டிலேயே தன் கல்யாணப் பத்திரிகையையும் செய்தாள். அதில் கட்டளை எழுதிக் கொடுத்தால் கம்ப்யூட்டரே எழுத்துக்களைப் பக்கமாகக் கோர்த்துத் தருமாம். நான் எழுத்துக்கூட்டிச் சொல்ல, அவள் தட்டினாள். முதலில் பழைய மாதிரி கோர்த்து டிவிஐ என்று ஒரு ஃபைல் எடுத்தாள், பிறகு புதிய மாதிரி கோர்த்து பிடிஎஃப் என்று இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே பெயர்தான் வைத்தாள், வால்தான் வேறு. இரண்டையும் ஒரே பென் டிரைவில் போட்டு என் முந்தானையில் முடிந்துவிட்டாள்.

அன்று அவள் கட்டுரையைச் சமர்ப்பிக்கப் போகவேண்டும். தம்பியால் காலையில் கடையை விட்டு நகர முடியாது. மதியம் சம்பந்தி வீட்டார் பத்திரிகைக் கட்டை வாங்க வருகிறார்கள். ஏற்கெனவே சமையல்காரர் விஷயத்தில் சம்பந்தியம்மாவுக்கு எங்கள்மேல் ஒரு மனத்தாங்கல். "பத்திரிகையாவது நேரத்துக்கு இருக்கணும், அக்கா. இல்லேன்னா என் முகத்துல கரி" என்றான் தம்பி. "நீ ஒண்ணும் பேச வேண்டாம். கொண்டு குடுத்து, ஸ்கிரீன்ல தமிழ் சரியான்னு நோக்கினா மதி, அது போதும்."

ரேவதி வாசலில் நின்று, "அத்தை, பிடிஎஃப். மறக்காதே, பிடிஎஃப்" என்றாள்.

நானும் சாமி நாமம் மாதிரி பிடிஎஃப், பிடிஎஃப் என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். பஜாரில் ஒரு கிடங்கு வாசலில் வற்றல்மிளகாய் மூட்டையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். தும்மல் பிடித்தது. விடாமல் தும்மி, கண்ணீரைத் துடைத்து நிமிர்ந்தபோது மூட்டுவலி அப்படியே இருந்தது, அந்த வார்த்தையைத்தான் காணோம்.

அச்சகம் மாடியில். ஏறி முடிப்பதற்குள் அந்த வார்த்தை இருந்ததே எனக்கு மறந்துவிட்டது. கல்லூரி ஆராய்ச்சிக் கட்டுரைகள் அடிக்கிற இடம் என்பதால் எந்த வால் வைத்த ஃபைலும் அங்கே திறக்கும். கம்ப்யூட்டரில் ஷீபா என்ற பெண் இருந்தாள்.

"அம்மே, இதில் ரெண்டெண்ணம் உண்டல்லோ. ஒண்ணு செறுது, மற்றது வலுது. ஏதா வேண்டது?"

யோசித்தேன். கல்யாணப் பத்திரிகை ஒரே ஒரு அட்டை. பெரியதாக இருப்பது கண்டிப்பாக ரேவதியின் ஆராய்ச்சிக் கட்டுரையாகத்தான் இருக்கும், தவறிப்போய் இதில் ஏற்றிவிட்டாள் பாவம் என்று முடிவு செய்தேன். (என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே ஆராய்ச்சி அதுதான்.) சின்னதைக் காட்டித் தலையாட்டினேன்.

திறந்தாள். திரை முழுக்க மலையாள எழுத்து.

ஷீபா உற்றுப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "எழுத்து மலையாளம் தன்னே. பக்ஷே எனிக்கொந்நும் மனஸ்ஸிலாகுந்நில்லா. இது தமிழோ அம்மே?"

பொள்ளாச்சியில் பள்ளிக்குப் பக்கத்தில் ஓர் அச்சாபீஸ் இருந்தது. ஈய எழுத்தெல்லாம் திரும்பித் திரும்பி நிற்கும். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த எங்களிடம், "அச்சுல ஏறினா நேராயிடும், போங்க" என்று அங்கிருந்தவர் விரட்டுவார். அது சரியாக அந்த நேரத்தில் நினைவுக்கு வந்து தொலைத்தது. மலையாளத்தார் அச்சகம், மலையாளமாகத்தான் காட்டும்; அட்டையில் ஏறினால் தமிழாகிவிடும் என்று எனக்குப் பட்டது. தலையாட்டினேன்.

"இவிடெ மேலே காலியாணல்லோ?"

பிள்ளையார் இருக்கவேண்டிய இடம். வாய் திறந்து நான் பேசிய ஒரே வாக்கியம்: "அச்சில் வருவார்."

அவளும் விடவில்லை, நிச்சயம்தானா என்கிற மாதிரி "உறப்பாணோ?" என்று இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவையும் தலையாட்டினேன். காகிதம் சுற்றிய கட்டோடு வீடு வந்தபோது சம்பந்தி வீட்டுக் கார் வாசலில் நின்றது. தம்பி கட்டைப் பிரிக்கப் போனான். சாமி முன்னால்தான் பிரிக்கவேண்டும் என்று நான்தான் தடுத்தேன்.

விளக்கேற்றி, முதல் பத்திரிகையின் மூலைகளில் மஞ்சள் தடவினேன். கண்ணாடி போடாததால் எனக்கு எழுத்தெல்லாம் எறும்புதான். எடுத்து மாப்பிள்ளையின் அப்பாவிடம் கொடுத்தேன். அவர் பிரித்தார். புரட்டினார். தலைகீழாகவும் பார்த்தார்.

"மலையாளத்துல போட்டுட்டீங்களா? பரவாயில்லீங்க, உங்க ஊர் வழக்கம். நீங்களே படிங்க, கேப்போமுங்க."

தம்பி வாங்கிப் பார்த்தான். எழுத்து அத்தனையும் அவனுக்குத் தெரிந்த எழுத்து. ஒரு வார்த்தைகூட உலகத்தில் இல்லாத வார்த்தை. என்னைப் பார்த்தான். நான் விளக்கைப் பார்த்தேன்.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு படிக்க ஆரம்பித்தான். "பஹுமானப்பெட்ட சுஹ்ருத்தே…" என்று எடுத்து, தேதி, முகூர்த்தம், மண்டபம் எல்லாவற்றையும் மனப்பாடமாக, அட்டையில் விரல் ஓட்டிக்கொண்டே சொன்னான். சரக்கு தீர்ந்தது, வரிகள் தீரவில்லை. அவன் எங்கள் தெரு சங்கத்தின் செயலாளர். கடைசியில், எல்லா அங்கத்தினர்களும் கிருத்தியமாய்ப் பங்கெடுத்து சந்தாக் குடிசிக, அதாவது பாக்கி, தீர்க்கணும் என்று சங்க நோட்டீசில் போய் முடித்தான்.

சம்பந்தியம்மா, "எங்கண்ணன் பேரு போட்டிருக்குதுங்களா?" என்றார்.

"இதோ" என்று ஓரிடத்தைத் தொட்டான்.

"மணிங்கிற பேருக்கு இத்தனை நீளமுங்களா?"

"மலையாளத்துல… கொஞ்சம் நீளும்."

"பிள்ளையாரைக் காணமே?"

தம்பி மறுபடி என்னைப் பார்த்தான். எல்லாரும் பார்த்தார்கள். வந்தது அந்த ஒரு வாக்கியம்தான். "அச்சில் வருவார்" என்றேன்.

"அச்சடிச்சு வந்ததுதானுங்களே இது?" என்றார் அந்த அம்மா.

அப்போதுதான் ரேவதி உள்ளே நுழைந்தாள். எட்டிப் பார்த்தாள். "ஐயோ அத்தை, டிவிஐயைக் குடுத்துட்டியா!" என்று அங்கேயே உட்கார்ந்து சிரித்தாள். தம்பி அட்டையை மடித்து மடித்துத் தீப்பெட்டி அளவுக்குக் கொண்டுவந்திருந்தான்.

அவள் எல்லாருக்குமாகச் சொன்னாள்: "டிவிஐன்னா இலையில எதை எந்த மூலையில வைக்கணும்னு ஒரு குறிப்பு, அவ்வளவுதான். பதார்த்தம் திறக்கிற வீட்டுல இருக்கணும். அங்கே தமிழ் எழுத்து இல்லை, இருந்த மலையாள எழுத்தை எடுத்துப் பரிமாறிடுச்சு. பிள்ளையாரும் அதுக்குள்ள இல்லை, தனியா அனுப்பணும். பிடிஎஃப் அப்படியில்லை, பொதிச்சோறு. எழுத்து, படம், எல்லாம் உள்ளேயே கட்டி வச்சிருக்கும். எங்கே பிரிச்சாலும் ஒரே சாப்பாடுதான். அதான் அது கனமா இருந்தது."

இனி தம்பி என்னை மில்லுக்குக்கூட அனுப்பமாட்டான் என்று நினைத்தேன்.

சம்பந்தியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப நீங்க எங்களைக் கூப்பிட்டு வச்சு, வெறும் இலையைப் போட்டிருக்கீங்க" என்றார். அவர் முகத்தில் முதலில் சிரித்தது மூக்குத்திதான். பிறகு சம்பந்தி, அப்புறம் தம்பி. நான் சிரிக்கவில்லை, எனக்கு ஒரு டம்ளர் சாயா வேண்டியிருந்தது.

ரேவதி ஓடிப்போய் பிடிஎஃப்பில் அடித்துக் கொண்டுவந்தாள். பிள்ளையார் வந்திருந்தார். சாயங்காலம் கட்டோடுதான் கார் கிளம்பியது. ஆனால் சம்பந்தியம்மா அந்த மலையாள அட்டையிலும் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

கல்யாணப் பந்தியில் இலை போட்டு, பரிமாற வருவதற்குக் கொஞ்சம் தாமதமானது. எதிர்வரிசையிலிருந்து அவர் சத்தமாக, "டிவிஐ வந்துருச்சு, பிடிஎஃப் எப்பங்க?" என்றார். அன்றிலிருந்து இரண்டு வீட்டிலும் யார் எதை மறந்துவிட்டு வந்தாலும் "வெறும் இலையா?" என்றுதான் கேட்கிறார்கள். நான் எதற்குத் தலையாட்டினாலும் தம்பி, "அச்சில் வருவாரா, அக்கா?" என்கிறான். அலுத்துவிட்டது. ஆனாலும் பொறுத்துக்கொள்கிறேன். அந்த அம்மா மாதம் ஒருமுறை எனக்கு மட்டும் ஃபோன் செய்து மூட்டுவலி விசாரிக்கிறார்.

டிவிஐ, பிடிஎஃப் எது பழையது, எது புதியது என்பதை நான் மாற்றி எழுதியிருக்கக்கூடும். ரேவதி, உன் வீட்டுக்காரரை ஒரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுத் திருத்திவிடு. அனுப்பும்போது பொதிச்சோறாக அனுப்பு. நான் பார்த்து எடுத்துக் கொடுக்கும்படி மட்டும் எதையும் வைக்காதே.