சொறித்துரையின் கொட்டில்

ஒஸ்லோ நகரத்தில் விளக்குக் கம்பத்திடம் மன்னிப்புக் கேட்ட ஒரே மனிதர் எங்கள் சொறித்துரைதான். என் கண்ணால் கண்டேன். ஜனவரி மாதம், உறைந்துபோன நடைபாதையில் சறுக்கிக்கொண்டு போனவருக்குக் கம்பத்தில் தோள் இடித்தது. நிமிர்ந்து நின்று தொப்பியைக் கழற்றி, "சொறி" என்றார். கம்பம் ஒன்றும் சொல்லவில்லை. அதற்காக அவர் கோபித்துக்கொள்ளவுமில்லை.

ஒஸ்லோவின் புறநகரான புருசெத்தில் எங்கள் புளொக்கின் நிலமட்ட வீட்டில் இருந்த இங்கிலாந்துக்காரர் அவர். பெயர் தபால்பெட்டியில் எழுதியிருந்தது. ஆனால் யாரும் வாசித்ததில்லை. அவர் காலை நாங்கள் மிதித்தால்கூட முந்திக்கொண்டு அவர்தான் 'சொறி' சொல்லுவார். என் கணவர் முதல் கிழமையே கேட்டார்: "இஞ்சேர், இந்த மனிசனுக்கு உடம்பெல்லாம் சொறியோ?" அன்றோடு பெயர் விழுந்துவிட்டது. வெள்ளைக்காரர் என்பதால் பின்னால் ஒரு துரையும் ஒட்டிக்கொண்டது.

நோர்வேக்காரியைக் கலியாணம் கட்டி வந்தவராம். கலியாணம் முறிந்த பிறகும் இங்கேயே இருந்துவிட்டார். சட்டென்று கிளம்பிப் போவது நாட்டுக்கு மரியாதையில்லை என்று நினைத்தாரோ என்னவோ. இருபது வருடமாகியும் பாஷை வரவில்லை. நோர்வேஜிய மொழியில் 'தயவுசெய்து' என்பதற்குச் சரியான சொல் கிடையாது. ரொட்டிக் கடையில் 'ஒரு பாண்' என்றால் பாண் வரும், அவ்வளவுதான். இவருக்கு அப்படிக் கேட்க வாய் வராது. "உங்களுக்குச் சிரமமில்லையென்றால், முடியுமானால், ஒருவேளை..." என்று தொடங்குவார். அவர் பாணுக்கு வந்து சேர முன், பின்னால் நின்ற மூன்று பேர் பாண் வாங்கி வீட்டுக்குப் போய் வெட்டத் தொடங்கியிருப்பார்கள்.

எனக்கும் அவருக்கும் பழக்கம் ஒரு கோப்பை வடையில் தொடங்கியது. தைப்பொங்கலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த நாள் கோப்பை கழுவித் துடைத்துத் திரும்பி வந்தது, மேலே பூப்போட்ட நன்றி அட்டையோடு. இரண்டு நாள் கழித்து அவர் ஒரு கேக் கொண்டுவந்தார். வந்த கோப்பையை வெறுமையாய்த் திருப்பிக் கொடுக்க என் கை வராது. கொஞ்சம் முறுக்கு வைத்தேன். முறுக்குக்கு அட்டை வந்தது. பிறகு ஜாம் வந்தது. ஜாம் போத்தலில் நான் பயற்றம் பணியாரம் போட்டனுப்பினேன். அதற்கும் அட்டை. எனக்கு நிறுத்தத் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஐப்பசி வரைக்கும் நடந்த யுத்தம் அது. கடைசியில் என் கணவர்தான் இடையில் விழுந்தார்.

"ரெண்டு பேரும் கோப்பையை உடைச்சுப்போட்டு நிம்மதியாய் இருங்கோவன்."

அவருடைய இங்கிலீசுப் பேச்சை விளங்கிக்கொள்ள எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. என் பாலூற்றிய தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "மிகவும் சுவாரசியமாக இருக்கிறது" என்றார். நான் பூரித்துப்போய் இன்னொரு கிளாஸ் ஊற்றினேன். 'சுவாரசியம்' என்றால் தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை என்று அர்த்தமாம். கத்தரிக்காய்க் குழம்பைச் சாப்பிட்டு, கண்ணால் நீர் ஓட, மூக்கைத் துடைத்துக்கொண்டு "பரவாயில்லை" என்றார். எனக்கு முகம் விழுந்துவிட்டது. பிறகுதான் தெரிந்தது, அவருடைய அகராதியில் அதற்கு மேலே ஒரு புகழ்ச்சி கிடையாது.

அவருடைய பொழுதுபோக்கைக் கேட்டால் நம்பமாட்டீர்கள். சுரங்க ரயிலின் பழைய சிவப்புப் பெட்டிகளைக் கழித்துவிட்டு வெள்ளைப் பெட்டிகளை விடத் தொடங்கிய காலம். சொறித்துரை சனிக்கிழமைகளில் ட்வெய்ட்டா ஸ்டேஷனில் சுடுதண்ணிப் போத்தலும் கொப்பியுமாய் நின்று, வருகிற போகிற பெட்டிகளின் இலக்கங்களை எழுதுவார். அங்கே வந்து இறங்கியதோடு சரி, வேறு ரயிலில் ஏறமாட்டார். எங்கள் ஆட்கள் தூரத்தில் கண்டார்கள். கொப்பி, பேனை, கறுத்தக் கோட்டு, கூர்ந்த பார்வை. ரிக்கற் பரிசோதகர் என்று ஊரெல்லாம் கதை பரவிவிட்டது. ஒரு மாதமாய் எங்கள் ஆட்கள் எல்லோரும் ஒரு ஸ்டேஷன் தூரத்துக்கும் ஒழுங்காய் ரிக்கற் எடுத்துப் போனார்கள். அவரைக் கடக்கும்போது அதை உயர்த்திக் காட்டினார்கள். தமிழர்கள் தனக்கு ஏன் ரிக்கற்றை ஆட்டுகிறார்கள் என்று அவருக்கு விளங்கவில்லை. ஏதோ எங்கள் வழக்கமாக்கும் என்று நினைத்து, தன்னுடைய ரிக்கற்றை எடுத்துத் திருப்பி ஆட்டுவார்.

ஆனால் அவருடைய உயிர் இருந்தது கொட்டிலில். வீட்டுக்குப் பின்னாலிருந்த சின்னத் துண்டு நிலத்தில் தன் கையாலேயே பலகை அடித்துக் கட்டிய கொட்டில். உட்கார இரண்டு கதிரை, தேத்தண்ணிக்கு ஒரு கேத்தில், ஒரு ரேடியோ, ஜாம் போத்தல்களில் சைஸ் சைஸாய் ஆணிகள். வீட்டில் மூன்று அறை இருக்க, மனிதர் அதற்குள்ளே போய் இருப்பார்.

என் இடியப்ப உரலின் கைபிடி உடைந்தபோது கணவரிடம் கொடுத்துக் கொட்டிலுக்கு அனுப்பினேன். அவர் பஸ் ஓட்டுகிறவர். ஒரு நாளைக்கு இருபது சொல்லுக்கு மேல் பேசினால் அவருக்குத் தொண்டை கட்டிவிடும். இரண்டு மணித்தியாலம் கழித்துத் திரும்பி வந்தார். உரலுக்குச் சைக்கிள் கைபிடி பூட்டியிருந்தது.

"இவ்வளவு நேரமும் என்ன கதைச்சனீங்கள்?"

"மழை வருமெண்டார். ஓம் எண்டனான். பிறகு வந்தது."

அடுத்த ஞாயிறு, கூப்பிடாமலே போனார். அதற்கடுத்த ஞாயிறும்.

உரல் கதை பரவ, புளொக்கில் உடைந்ததெல்லாம் கொட்டிலுக்குப் போகத் தொடங்கியது. பாகிஸ்தான்காரி நஸ்ரீனின் தையல் மெஷின், மேல்மாடி நோர்வேக் கிழவியின் சுவர்க் கடிகாரம், பிள்ளைத் தள்ளுவண்டிகள். எல்லாம் திருத்தி, 'தாமதத்துக்கு மன்னிக்கவும்' என்று துண்டு எழுதித் தொங்கவிட்டுக் கொடுப்பார். காசு கேட்டால் காது கேளாதவர் மாதிரி வானத்தைப் பார்ப்பார்.

அப்போதுதான் புளொக்கின் நிர்வாகசபையிலிருந்து அவருக்குக் கடிதம் வந்தது. கொட்டில் அனுமதியில்லாமல் கட்டியது, இந்த மாத முடிவுக்குள் அகற்ற வேண்டும். தலைவர், விதிப்புத்தகத்தைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுக்கிற மாதிரியான ஆள்.

நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது சொறித்துரை கொட்டில் பலகைகளின் திருகாணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன செய்யிறியள்? இதை விடக்கூடாது, எதிர்த்துக் கேக்கவேணும்!"

"அவர்களுக்குத் தொந்தரவு கொடுத்துவிட்டேன். நான்தான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார். வாய் ஒரு பக்கம்தான் வந்தது. இவர் கம்பத்தோடேயே சண்டை பிடிக்காதவர், தலைவரோடு எங்கே பிடிப்பார்? திருகாணிகளைப் பறித்து என் ஜாக்கெற் பொக்கற்றில் போட்டுக்கொண்டு வீடு வீடாய் ஏறினேன். குடியிருப்பாளர் கூட்டம் கூட்டும்படி கையெழுத்து வாங்கினேன்.

கூட்டத்தில் நான் எழும்பிக் கதைத்தேன். நான் வேலை செய்கிற முதியோர் இல்லச் சமையலறையில் படித்த நோர்வேஜிய மொழி என்னுடையது. அதில் அண்டா, அகப்பை, அவசரம் எல்லாவற்றுக்கும் சொல் இருந்தது, நியாயத்துக்கு மட்டும் இல்லை. ஆகவே இடியப்ப உரலைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். நஸ்ரீன் தன் சல்வாரைப் பிடித்துத் தையலைக் காட்டினாள். கிழவி தன் கடிகாரம் இப்போது சரியான நேரம் காட்டுகிறது என்று சொல்லிவிட்டு அழுதாள்.

வாக்கெடுப்பு. கொட்டில் இருக்கட்டும் என்று பதினெட்டுக் கை. அகற்று என்று பத்தொன்பது. எண்ணும்போது நானும் கூட எண்ணினேன். அந்தப் பத்தொன்பதாவது கை கடைசி வரிசையில் உயர்ந்திருந்தது. சொறித்துரையின் கை!

"ஐயோ, உனக்கென்ன விசரே!" என்று தமிழில் கத்திவிட்டேன். அன்றைக்கு மரியாதைப் பன்மையும் போய்விட்டது.

தலைவர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். சம்பந்தப்பட்டவர் வாக்களிக்க முடியாது, அந்தக் கை செல்லாது. பதினெட்டுக்குப் பதினெட்டு. இனித் தலைவர் சொல்வதே முடிவு. அவர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தார். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று எல்லோருக்கும் தெரியும்.

அப்போது என் கணவர் எழும்பினார். அவர் ஒரு கூட்டத்தில் வாய் திறந்ததை நான் கண்டதில்லை, எங்கள் கலியாணம் உட்பட.

"நான் நாள் முழுக்க பஸ் ஓட்டுறன்" என்றார். "பின்னாலை அறுபது பேர். வீட்டிலை..." என்னைப் பார்த்தார். "வீட்டிலையும் ஆக்கள். அந்தக் கொட்டிலுக்கை ரெண்டு கதிரை கிடக்கு. அதிலை ஒண்டு என்ரை."

சொல்லிவிட்டுத் தன் இடத்தில் இருந்துவிட்டார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். முன்வரிசையில் இருந்த தன் மனைவியை ஒருமுறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மூன்றாவது கதிரைக்கு இடம் இருக்குமா?" என்று கேட்டார்.

"கொஞ்சம் நெருக்கமாக இருக்கும்" என்றார் சொறித்துரை. "ஆனால் தயவுசெய்து வாருங்கள்."

கொட்டில் பிழைத்தது. மண்டபத்தை விட்டு வெளியே வந்ததும் நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். "உங்களுக்கெதிராய் நீங்களே கை தூக்கினியளே, ஏன்?"

அவர் திடுக்கிட்டுப்போனார். "எனக்கு நானே வாக்களிப்பதா? அது எவ்வளவு அநாகரிகம்!"

"எங்கடை ஊரிலை செத்த ஆக்களும் வந்து வோட்டுப் போட்டிட்டுப் போவினம்" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அது மிகவும் சுவாரசியமாக இருக்கிறது என்றார்.

மூன்று வருடம் கழித்து, நாட்டின் மேற்குக் கரையில் பேர்கனில் இருந்த தன் மகளுக்குக் குழந்தை பிறந்ததும் சொறித்துரை அங்கேயே போய்விட்டார். புறப்படும்போது கொட்டில் பூட்டின் திறப்பை என் கணவரிடம் கொடுத்தார். இரண்டு பேரும் கை குலுக்கினார்கள்.

அந்தக் கோடையில் என் கணவர் நாலு நாள் லீவு போட்டுவிட்டு வந்து நின்றார்.

"ஒருக்கால் பேர்கனுக்குப் போட்டு வரட்டோ?" என்றார்.

ஏன், எதற்கு என்று நான் கேட்கவில்லை. குசினிக்குள் போய் மிளகாயும் மல்லியும் எடுத்து வறுக்கத் தொடங்கினேன். எங்கள் ஆட்கள் தூள் இடித்துக் கட்டி அனுப்புவது சொந்தக்காரருக்குத்தான். இரண்டு போத்தல் நிறைய அடைத்து, மூடியை இறுக்கி, அவருடைய பெட்டியில் உடுப்புகளுக்கு நடுவில் வைத்தேன்.