லைன்மேன் உட்கார்ந்திருக்கும் வரை

ஒரு வீட்டில் இணைய இணைப்பு அடிக்கடி அறுந்துபோவது உலக வரலாற்றில் இடம்பெறத் தக்க செய்தி அல்ல. ஆயினும் கண்காணிப்பாளர் வீட்டில் அது அறுந்ததால் இரண்டு பெரிய அலுவலகங்களின் நிர்வாக முறையே மாறிப்போனது. ஆகவே நடந்ததை நடந்தபடி பதிவு செய்துவிடுவது நல்லது.

கண்காணிப்பாளர் என்றால் குடிநீர் வழங்கல் அலுவலகத்தின் கண்காணிப்பாளர். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று மக்கள் கொடுக்கும் மனுக்களை வாங்கி, எண் போட்டு, 'உரிய நடவடிக்கைக்கு' என்று அழகான கையெழுத்தில் எழுதி அடுத்த மேசைக்கு அனுப்புவது அவர் வேலை. அடுத்த மேசைக்காரர் மூன்று வருடமாக விடுப்பில் இருந்தார். அது கண்காணிப்பாளரின் தவறு அல்லவே.

பதினோரு வருடமாக அவர் துணை இயக்குநர் (குறைதீர்ப்பு) பதவிக்காகக் காத்திருந்தார். இரண்டு முறை கைக்கெட்டி நழுவிவிட்டது. வயதுக் கணக்குப்படி இந்த முறைதான் கடைசி. நேர்காணல் வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, காணொளி வழியாக. விண்ணப்பதாரர் தம் சொந்த வீட்டிலிருந்து சொந்த இணைப்பில் பேச வேண்டும். அலுவலக இணைப்பில் பேசினால் பொதுச் சொத்தைச் சுயநலத்துக்குப் பயன்படுத்திய குற்றம். இணைப்பு மூன்று நிமிடத்துக்கு மேல் அறுந்தால் அவர் ஆஜராகாதவராகக் கருதப்படுவார்.

அவர் வீட்டு இணைப்போ கால் மணிக்கு ஒரு முறை அறுந்தது. கைப்பேசி சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் குளியலறை. அங்கே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து துணை இயக்குநர் ஆக அவருக்கு மனம் ஒப்பவில்லை.

இங்கே அவருடைய மனைவியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கெட்டிக்காரப் பெண்மணி. ஆனால் அந்த வருடம் ஊரெல்லாம் 'வெற்று வீடு' என்கிற மோகம் பிடித்து ஆட்டியது. வீட்டில் பொருள் இருக்கலாம், கண்ணில் படக்கூடாது. கண்ணில் படும் ஒவ்வொரு வயரும் மனதில் விழும் ஒரு முடிச்சு என்று ஓர் ஆலோசகி காணொளியில் சொல்லியிருந்தாள். ஆகவே கண்காணிப்பாளர் வீட்டில் கடிகாரம் மேசை இழுப்பறைக்குள் போனது. மணி பார்க்க வேண்டுமானால் இழுத்துத் திறக்க வேண்டும். செருப்பு ஸ்டாண்டு திரைக்குப் பின்னால் போனது. மோடம், ஒரு காலத்தில் பிஸ்கட் இருந்த பூப்போட்ட தகரப் பெட்டிக்குள் போனது. பின்பக்கம் ஓட்டை போட்டு வயரை விட்டு, மூடியை இறுக்கி அழுத்தி, அதன் மேல் ஒன்றுமே வைக்காமல் விட்டிருந்தார் அம்மையார். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

கண்காணிப்பாளர் இணைய நிறுவனத்துக்குப் போன் செய்தார். தங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம் என்று நாற்பது நிமிடம் பாட்டோடு சொல்லப்பட்ட பிறகு ஒரு பெண் பேசினாள்.

"அணைச்சுட்டு மறுபடி போட்டுப் பாத்தீங்களா சார்?"

"இருபது தடவை போட்டாச்சு."

"இருபத்தோராவது தடவை போடுங்க சார்."

மறுநாள், திங்கட்கிழமை, நிறுவனத்தின் லைன்மேன் வந்தார். நாற்பது வயது, தோளில் பை, கையில் படிவக் கட்டு. மோடத்தைப் பார்க்கவென்று ஒருவர் வீடு தேடி வந்திருக்கும்போது அதை டப்பாவுக்குள் வைத்துக் காட்டுவது மரியாதையா? அம்மையார் அதை வெளியே எடுத்து, முந்தானையால் துடைத்து, மேசை நடுவில் வைத்தார். லைன்மேன் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். இணைப்பு அசையவே இல்லை.

"நல்லாத்தானே ஓடுது சார்."

"நீங்க இருக்கறதால ஓடுது. போனதும் போயிடும் பாருங்க."

"நான் போன பிறகு எப்படி சார் நான் பாக்கறது?"

அவர் படிவத்தில் 'குறை காணப்படவில்லை' என்று எழுதிக் கிளம்பினார். அம்மையார் மோடத்தை டப்பாவுக்குள் வைத்து மூடினார். லைன்மேன் தெருமுனை தாண்டுவதற்குள் இணைப்பு செத்தது.

செவ்வாய்க்கிழமை மீண்டும் வந்தார். மோடம் மீண்டும் வெளியே வந்தது. இணைப்பு பிசகவில்லை. கண்காணிப்பாளர் தலையைப் பிய்த்துக்கொண்டார். லைன்மேன் பொறுமையாக விதிப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார்.

விதி பதினான்கு (ஆ): குறை என்பது அதிகாரம் பெற்ற பணியாளரின் முன்னிலையில், குறைந்தது ஐந்து நிமிடம் இடைவிடாது நிகழ்ந்தால் மட்டுமே குறை எனக் கொள்ளப்படும்.

கண்காணிப்பாளருக்கு ரத்தம் கொதித்தது. அதே சமயம், முப்பது வருடம் ஃபைல்களோடு வாழ்ந்தவர் என்கிற முறையில், அந்த வாக்கியத்தை ரசிக்காமலும் இருக்க முடியவில்லை. என்ன கட்டுக்கோப்பு! ஒரு சந்து பொந்து இல்லை. எழுதியவன் கையைப் பிடித்துக் குலுக்கலாம், பிறகு கழுத்தையும் பிடிக்கலாம் என்று நினைத்துக்கொண்டார்.

புதன்கிழமை நிறுவனத்தின் தலைமைப் பொறியாளரே இரண்டு உதவியாளர்களோடு வந்தார். மேசை நடுவில் பளபளவென்று வீற்றிருந்த மோடத்தை மூன்று பேரும் சுற்றி நின்று பார்த்தார்கள். பூப்போட்ட தகரப் பெட்டி பக்கத்திலேயே வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. தலைமைப் பொறியாளர் அதில் பிஸ்கட் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்து ஏமாந்தார்.

"மூணு தடவை ஆள் வந்திருக்கோம், மூணு தடவையும் ஓடியிருக்கு. ஆள் இல்லாதப்ப ஓடலைன்னு நீங்க சொல்றீங்க. அப்ப என்ன தெரியுது?" என்றார்.

"என்ன தெரியுது?"

"எங்க ஆளு முன்னிலையில இருந்தா இணைப்பு ஓடும். இது தெள்ளத் தெளிவா நிரூபணம் ஆயிடுச்சு."

கண்காணிப்பாளர் யோசித்தார். தர்க்கத்தில் ஓட்டை எதுவும் தென்படவில்லை.

"அப்ப வெள்ளிக்கிழமை என் நேர்காணல் முடியற வரைக்கும் உங்க ஆள ஒருத்தர இங்க உக்கார வைப்பீங்களா?"

"அதுக்குத்தானே நாங்க இருக்கோம்," என்றார் தலைமைப் பொறியாளர். அங்கேயே உத்தரவு எழுதினார். 'மேற்படி வாடிக்கையாளர் இல்லத்தில் மேற்படி லைன்மேன் மறு உத்தரவு வரும் வரை முன்னிலையில் இருக்கக் கடவார்.'

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு லைன்மேன் சோபாவில் உட்கார்ந்தார். செய்வதற்கு ஒன்றும் இல்லை, இருப்பதுதான் வேலை. அவர் எழுந்து போய்விடுவாரோ என்று கண்காணிப்பாளருக்கு உள்ளுக்குள் உதைப்பு. அரை மணிக்கு ஒரு முறை கேட்டார்:

"இன்னொரு டீ சொல்லட்டுமா?"

நான்காவது டீயில் லைன்மேன் மனம் திறந்தார்.

"சார் குடிநீர் ஆபீஸ்தானே? எங்க தெருவுல நாலு மாசமா சொட்டுத் தண்ணி வரல சார். வீட்டுக்காரி தினம் மூணு தெரு தள்ளிப் போய்த் தூக்கிட்டு வர்றா. இடுப்பே போச்சுங்கறா."

"அடடா. மனு கொடுங்க, எண் போட்டுத் தரேன்."

"நாலு மனு கொடுத்தேன் சார். நாலுக்கும் எண் இருக்கு."

"எண் இருக்குல்ல? அப்ப கவலையே படாதீங்க," என்றார் கண்காணிப்பாளர், முழு மனதோடு.

மாலைக்குள் லைன்மேன் அந்த வீட்டு ஆளாகிவிட்டார். அம்மையாருக்குப் பரண்மேல் இருந்து பாய் எடுத்துக் கொடுத்தார். பல்பு மாற்றினார். 'சார்' என்று அழைத்துக்கொண்டிருந்த அம்மையார் 'தம்பி' என்றார். 'மேடம்' என்றவர் 'அக்கா' என்றார். இது மனிதப் பண்புக்கு நல்லது. இணைப்புக்கு நல்லதல்ல. அந்நியருக்காகத்தானே மோடத்தை வெளியே எடுத்து வைப்பது? தம்பிக்கு எதற்கு உபசாரம்?

வெள்ளிக்கிழமை பதினொரு மணி. கண்காணிப்பாளர் கோட்டுப் போட்டுக்கொண்டு கணினி முன் அமர்ந்தார். திரையில் தேர்வுக் குழுத் தலைவர் உட்பட ஐந்து உறுப்பினர்கள். மேலே கோட்டும் கீழே லுங்கியுமாக அவர் பேசத் தொடங்கியபோது, பின்னால் மேசையில் வயரோடு கிடந்த மோடம் அம்மையாரின் கண்ணை உறுத்தியது. ஐந்து பெரிய மனிதர்கள் பார்க்கிற வீடு. சத்தம் போடாமல் வந்து மோடத்தை டப்பாவுக்குள் வைத்து, மூடியை அழுத்தி, திருப்தியாக உள்ளே போனார்.

பதினொன்று பதினைந்துக்குத் தலைவர் வாயைத் திறந்தபடி அப்படியே உறைந்தார். இணைப்பு அறுந்தது.

"போச்சு!" என்று அலறினார் கண்காணிப்பாளர்.

"வந்துருச்சு!" என்று துள்ளி எழுந்தார் லைன்மேன். "சார், குறை வந்துருச்சு! என் முன்னிலையில வந்துருச்சு!" அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறித்தார். நான்கு நாள் உழைப்புக்குப் பலன் கிடைத்த மகிழ்ச்சியில் புதுப் படிவம் ஒன்றை உருவினார்.

"யோவ், சரி பண்ணுய்யா! மூணு நிமிஷம் தாண்டினா நான் ஆஜராகாதவன்!"

"எதையும் தொட்டுடாதீங்க சார்! அஞ்சு நிமிஷம் நீடிச்சாத்தான் குறை. நடுவுல வந்துட்டா நாலு நாளும் வீண்!"

"பதினோரு வருஷம்யா!"

"விதி சார்!"

ஒரு நிமிடம் போனது. கண்காணிப்பாளர் லைன்மேனின் சட்டையைப் பிடித்தார். லைன்மேன் அதைப் பொருட்படுத்தாமல் படிவத்தை நிரப்பிக்கொண்டே இருந்தார்.

"அக்கா, மோடம் அடியில ஒரு நம்பர் இருக்கும், கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க, படிவத்துல கேக்குது."

அம்மையார் டப்பாவைத் திறந்து மோடத்தைத் தூக்கினார். "ஆ!" என்று கையை உதறி, அதைத் திறந்திருந்த ஜன்னல் திண்டில் வைத்தார். "என்னங்க இது, அடுப்புல இருந்து எடுத்த மாதிரி கொதிக்குது! டப்பாவுக்குள்ள இவ்வளவு நாளா வெந்துட்டு இருந்திருக்கு பாவம். அதான் செத்துச் செத்துப் போகுது!"

இரண்டு ஆண்களும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். லைன்மேன் படிவத்தைப் பார்த்தார். குறைக்கான காரணம் என்ற இடத்தில் மழை, எலி, வாடிக்கையாளர் என்று மூன்றுதான் இருந்தன. டப்பா இல்லை.

"அப்படியெல்லாம் காரணம் கிடையாதுக்கா," என்றார் அன்பாக.

"நீ கொஞ்சம் சும்மா இரும்மா," என்றார் கண்காணிப்பாளர்.

ஜன்னல் காற்றுப் பட்டு மோடத்தில் பச்சை விளக்கு எரிந்தது. தலைவரின் வாய் மூடி மறுபடி திறந்தது. இரண்டு நிமிடம் ஐம்பது விநாடி.

"கணக்குல சேராது," என்று லைன்மேன் படிவத்தைக் கிழித்தார். பாவம், அவர் கண் கலங்கிவிட்டது.

திரையில் தலைவர் கடைசிக் கேள்வியைக் கேட்டார். "ஆண்டுக்கு நாற்பதாயிரம் புகார் வருகிறது. இதைக் குறைக்க உங்களிடம் என்ன திட்டம் இருக்கிறது?"

கண்காணிப்பாளர் தயாரித்து வைத்திருந்த பதில், புதுக் குழாய்கள் பதிப்பதைப் பற்றியது. அதற்குள் அவர் பார்வை தரையில் கிடந்த படிவத் துண்டுகளின் மேல் விழுந்தது. பட்ட துன்பமெல்லாம் ஒரு நொடியில் ஞானமாகியது.

"ஐயா, குழாய் வறண்டிருப்பது அதிகாரி முன்னிலையில், குறைந்தது ஐந்து நிமிடம் இடைவிடாது நிகழ்ந்தால் மட்டுமே அது புகார் எனக் கொள்ளப்பட வேண்டும்."

ஐந்து பேரும் பேனாவை எடுத்தார்கள். ஒருவர் மெல்லக் கைதட்டினார்.

பத்து நாளில் நியமன உத்தரவு வந்தது. சூடு பட்ட விரலோடு அம்மையார் மோடத்தை மறுபடி டப்பாவில் வைக்க மறுத்துவிட்டதால், இணைப்பு அதன்பின் அறுபடவே இல்லை. அந்தப் பெருமை லைன்மேன் உட்கார்ந்திருந்ததற்குப் போய்ச் சேர்ந்தது. நிறுவனம் 'முன்னிலைச் சேவை' என்று புதுத் திட்டமே தொடங்கியது. உங்கள் வீட்டுக்கு ஆள் வரவில்லை என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். எல்லோரும் யார் வீட்டு சோபாவிலாவது உட்கார்ந்திருக்கிறார்கள்.

துணை இயக்குநர் ஆனவர் நன்றி மறக்கவில்லை. புது விதியின்கீழ் முதல் ஆய்வாக லைன்மேனின் வீட்டையே எடுத்துக்கொண்டார். அலுவலக ஜீப் அந்தத் தெருவுக்குள் திரும்பியதும், மூலையில் இருந்த குடிநீர் அலுவலக வால்வுக்காரர், துணை இயக்குநரே வருகிறாரே என்ற மரியாதையில் வால்வை முழுதாகத் திறந்துவிட்டார்.

லைன்மேன் வீட்டுக் குழாயில் தண்ணீர் பொங்கிப் பாய்ந்தது. துணை இயக்குநர் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஐந்து நிமிடம் கடிகாரம் பார்த்தார்.

"நல்லாத்தானே வருது?"

"நீங்க இருக்கறதால வருது சார். போனதும் போயிடும்."

"நான் போன பிறகு எப்படிப்பா நான் பாக்கறது?"

சொல்லிவிட்டு, இதை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று அவருக்குத் தோன்றியது. எங்கே என்று நினைவு வராததால் 'குறை காணப்படவில்லை' என்று அழகான கையெழுத்தில் எழுதி எழுந்தார்.

லைன்மேன் வாசலை மறித்து நின்றார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி குடத்தை நகர்த்தி அண்டாவை வைத்துக்கொண்டிருந்தார். புழக்கடைக் கதவு வழியாகப் பக்கத்து வீட்டார், எதிர் வீட்டார், அடுத்த சந்துக்காரர் என்று பக்கெட்டும் கையுமாக வரிசை தெருவரை நீண்டிருந்தது. அத்தனை பேரும் துணை இயக்குநரின் முகத்தையே பார்த்தார்கள்.

"இன்னொரு டீ சொல்லட்டுமா சார்?"

துணை இயக்குநருக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. வெட்கமாகத்தான் இருந்தது. எழுதிய தாளைக் கிழித்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தார். ஆனால் அதில் எண் போட்டாகிவிட்டது. அவர் மெதுவாகத் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சர்க்கரை மட்டும் கம்மியாப் போடச் சொல்லுங்க," என்றார். "இன்னும் எத்தனை பேர் இருக்காங்க?"