மரத்தடியில் இல்லாத பிள்ளையார்

விருத்தாசலத்தில் பொய் சொல்லவே தெரியாத ஆள் ஒருவர்தான். அதனால் அவரோடு பழகியவர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. பீங்கான் பொம்மை செய்கிறவர். சொந்தப் பெயர் எல்லோருக்கும் மறந்துபோய், அச்சு அசல் அண்ணன் என்றே ஆகிவிட்டது. கண்ணால் பார்த்தது மட்டும்தான் அவர் கையில் பொம்மையாகும். கல்யாண வீட்டுக்காரர் ஒருவர் மயில் கேட்டார். தோகை பாதி உதிர்ந்த மயிலைச் செய்து கொடுத்தார். திட்டக்குடிப் பக்கம் அவர் பார்த்த மயில் அப்படித்தான் இருந்ததாம்.

அவருக்குப் பக்கத்துக் கொட்டகையில் பிள்ளையார் பொம்மை செய்கிறவன் நான்.

எங்கள் நகர்ப் பூங்காவில் ஒரு தூங்குமூஞ்சி மரம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் அண்ணன் நேரே அதன் அடியில் வந்து உட்கார்ந்துவிடுவார். நடைபாதையில் இலை கொட்டுகிறது, வெட்டிவிட்டு செல்ஃபி எடுக்க சிமென்ட்டில் ஓர் இதயம் வைக்கலாம் என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் முடிவு செய்தார். அண்ணன் போய்க் கெஞ்சினார். கெஞ்சும்போதே, இலை நிறையத்தான் கொட்டும் என்று ஒப்புக்கொண்டும் வந்தார். இப்படி ஒரு வக்கீல் கிடைத்தால் எந்த மரம் பிழைக்கும்?

அந்த நேரம் பார்த்து, 'பூங்காவும் இயற்கையும்' என்று சங்கமே ஒரு கலைப் போட்டி அறிவித்தது. பரிசு பெறும் படைப்பைப் பூங்கா வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்களாம். மரம் போனாலும் அதன் உருவமாவது அங்கே இருக்கட்டும் என்று அண்ணன் இறங்கிவிட்டார். பொந்து, முறிந்த கிளை, முகத்தில் துண்டைப் போட்டுத் தூங்கும் ஆள், செடியை மேயும் ஆடு, ஒன்றையும் விடவில்லை.

சூளையில் ஒருவர் பெரிய சாமான் வைத்தால், மிச்ச இடத்தில் மற்றவர்கள் சின்னதுகளை வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். நானும் என் பிள்ளையார்களை வைத்தேன். ஒன்று எப்படியோ சரிந்துவிட்டது. சூட்டில் மேலே பூசிய கிளேஸ் உருகி, சூளையைத் திறந்தபோது அந்த விரல் உயரப் பிள்ளையார் அண்ணனின் மரத்தடியில் ஒட்டிக்கொண்டு ஒய்யாரமாகச் சாய்ந்திருந்தார். பெயர்த்தால் மரம் உடைந்துவிடும். அண்ணன் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்.

வேறு வழியில்லாமல் அப்படியே கொடுத்தார். முதல் பரிசு! நடுவர்களுக்கு அந்தப் பிள்ளையாரைத்தான் ரொம்பப் பிடித்ததாம். மேடையில் செயலாளர் பொன்னாடையை விரித்துக்கொண்டு நிற்க, அண்ணன் மைக்கை வாங்கினார்.

"மன்னிக்கணுங்க. அந்த மரத்தடியில புள்ளையாரே கெடையாது. இது பொய்யி. பரிச ரெண்டாவதா வந்தவங்களுக்குக் குடுத்துடுங்க."

விழா கெட்டுவிடுமே என்ற பதற்றத்தில் செயலாளர் மைக்கைப் பிடுங்கி, "கெடையாதுன்னா என்னாங்க, நாளைக்கே ஒண்ணு வச்சிடுவோம்" என்றார். கைத்தட்டலில் பந்தலே அதிர்ந்தது.

சபையில் சொன்னதைத் தட்ட முடியாமல் வைத்தும்விட்டார். பிள்ளையார் உட்கார்ந்த மரத்தில் எங்கள் ஊரில் யார் கோடாலி வைப்பது? வெட்ட வந்த ஆட்களே செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுப் போனார்கள்.

அண்ணனுக்கு அதுவும் போதவில்லை. பொம்மையைத் தூக்கி வந்து பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தார். "இவ்ளோ நிமுந்து ஒக்காரக் கூடாதுங்க, கொஞ்சம் சாச்சி வையிங்க" என்று குருக்களிடம் மல்லுக்கு நின்றார். சாய்த்த பிறகுதான் பரிசை வாங்கிக்கொண்டார்.

இப்போது அந்தப் பிள்ளையாருக்கு நல்ல கூட்டம். சாயங்காலம் நானும் போகிறேன். கும்பிட்டு முடித்ததும் கண் தானாக மரத்தின் மறுபக்கம் போகும். தலையில் விழுந்த இலையைத் தட்டிவிட்டுக்கொண்டு அண்ணன் அங்கே உட்கார்ந்திருந்தால்தான், எனக்குச் சாமி பார்த்த திருப்தி.