ரோமர் அரங்கில் நான் சொன்ன இரகசியம்

ஜெர்மனியில் வாழும் எங்கள் ஆட்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தமிழில் கதைத்தால் யாருக்கும் விளங்காது என்று நினைத்தால்கூடப் பரவாயில்லை. யாருக்கும் கேட்கவே கேட்காது என்று நினைத்துவிடுகிறோம். ரயிலில் எதிரே இருப்பவரின் மூக்கைப் பற்றி அவர் மூக்குக்கு நேரேயே கதைப்போம். கடையில் முன்னுக்கு நிற்கும் அம்மா இவ்வளவு உருளைக்கிழங்கை வாங்கி என்ன செய்யப்போகிறா என்று அவவின் தோளுக்குப் பின்னால் நின்று விவாதிப்போம். (முகத்தைச் சிரித்தபடி வைத்துக்கொண்டால் போதும். ஏதோ நல்லது சொல்கிறோம் என்று நினைத்து அவர்களும் சிரிப்பார்கள்.) இந்தப் பழக்கம் எனக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. அதனால் ஒருநாள் நான் பட்ட வெட்கத்தை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.

என் குரலைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். நான் ஹம் நகரில் கம்பி இழுக்கும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறேன். அந்த இயந்திரங்களுக்கு நடுவே பக்கத்தில் நிற்பவனிடம் நேரம் கேட்பதென்றாலும் கத்தித்தான் கேட்கவேண்டும். வருடக்கணக்காகக் கத்திக் கத்தி, நான் கிசுகிசுத்தாலே பக்கத்து வீட்டுக்காரர் யன்னலைச் சாத்தும் நிலைக்கு வந்துவிட்டேன். போதாக்குறைக்கு எங்கள் ஊரில் எந்த விழா நடந்தாலும் மைக் என் கையில்தான். கலைவிழா, பிறந்தநாள், கோயில் அன்னதானம், ஒன்றையும் விடுவதில்லை. யாரும் தராவிட்டாலும் வாங்கிவிடுவேன்.

எனக்கு ஒரே தங்கை, நிரோஜா. இங்கேயே பிறந்து படித்து, முதியோர் இல்லமொன்றில் பொறுப்பான வேலையில் இருந்தாள். நாங்கள் அவளுக்குக் கல்யாணம் பேசத் தொடங்கினோம். முதல் பெண்பார்த்தல் கோயில் திருவிழாவில் நடந்தது, இரண்டாவது தெரிந்தவர் வீட்டுப் பிறந்தநாளில். இரண்டுமே சரிவரவில்லை. சரிவராதது பெரிய விஷயமில்லை. ஆனால் இரண்டு தடவையும், மாப்பிள்ளை வீட்டார் எங்களுக்குப் பதில் சொல்லுமுன்பே ஊருக்குப் பதில் தெரிந்துவிட்டது. அரிசி வாங்கப் போன இடத்தில் ஒரு அக்கா நிரோஜாவின் கையைப் பிடித்து, "கவலைப்படாதேங்கோ பிள்ளை, நேரம் வரேக்கை எல்லாம் வரும்" என்று ஆறுதல் சொன்னாவாம். வீட்டுக்கு வந்தவள் அரிசிப் பையைக் கீழே வைத்துவிட்டு, இனிமேல் தமிழ் ஆட்கள் இருக்கிற இடத்தில் தன்னை யாருக்கும் காட்டவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும். யாருக்கும் ஒரு சொல்லும் தெரியவராது என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன்.

அடுத்த சம்பந்தம் பிறேமன் நகர்ப் பக்கமிருந்து வந்தது. மாப்பிள்ளையின் பெயர் மயூரன். அப்போதுதான் எனக்கு அந்த அபாரமான யோசனை உதித்தது. தமிழ் ஆட்கள் கனவிலும் எட்டிப்பார்க்காத இடம் எது? ரோமர் காலத்து இடிபாடு. ரைன் ஆற்றுப் பக்கம் அப்படியொரு பழைய நகரம் இருக்கிறது. (ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். அங்கே வேலை செய்கிறவர்களுக்கு என் முகம் இன்னும் மறந்திருக்காது.) இரண்டு குடும்பமும் ஒரே நாளில், ஒரே வழிகாட்டியோடு அதைச் சுற்றிப்பார்க்கச் சீட்டு எடுப்பது. ஒருவரையொருவர் தெரியாதவர்கள் போலவே நடப்பது. முடிவில் பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தால் தேநீர்க் கடையில் "அட, நீங்களும் தமிழோ" என்று பழகத் தொடங்குவது. பிடிக்காவிட்டால் அவரவர் காரில் ஏறிப் போய்விடுவது. யாருக்கும் அவமானமில்லை. தொலைபேசியில் மயூரனின் அப்பாவுக்கு இதை விளக்கியபோது அவர் இன்னொருதரம் சொல்லச் சொன்னார். என் புத்திசாலித்தனத்தில் மயங்கிப்போனார் என்று நினைத்துக்கொண்டேன்.

குறித்த நாளில் அம்மா, நிரோஜா, நான் மூவரும் போய் இறங்கினோம். மற்றவர்கள் எல்லாம் ஓய்வுபெற்ற ஜெர்மன்காரர்கள். நடைச் சப்பாத்து, தண்ணீர்ப் போத்தல், மழைக்கோட்டு. எங்கள் அம்மா அரக்குக் கரை போட்ட பட்டுச்சேலை. நிரோஜா எளிமையாகத்தான் உடுத்தியிருந்தாள், ஆனால் காலையில் கண்ணாடிக்கு முன்னால் நின்ற நேரம் எனக்குத் தெரியும். என் தோளில் ஒரு பெரிய பை. அதற்குள் அம்மா விடியவே எழும்பிப் பொரித்த ரோல்ஸ். தற்செயலாகச் சந்திக்கப்போகிறவர்களுக்கு யாராவது ரோல்ஸ் பொரித்துக்கொண்டு போவார்களா என்று கேட்டேன். வெறுங்கையோடு சந்திக்க ஏலாது என்று அம்மா சொல்லிவிட்டா.

மாப்பிள்ளை வீட்டாரைக் காணவில்லை. அழைத்தால் தொலைபேசியை எடுக்கவுமில்லை. வழிகாட்டி, பள்ளியில் இலத்தீன் படிப்பித்து ஓய்வுபெற்ற அம்மையார், சிவப்புக் குடையைத் தூக்கிப் பிடித்தபடி நடக்கத் தொடங்கிவிட்டார். நிலத்துக்கு அடியில் நெருப்பெரித்து வீட்டைச் சூடாக்கிய விதத்தைக் காட்டினார். அம்மாவுக்கு அது பிடித்துக்கொண்டது. எங்கள் வீட்டு வெப்பமூட்டியைத் திருத்த ஆள் வருவதற்கு டெர்மின், அதுதான் நாளும் நேரமும் குறித்துத் தரச்சொல்லிக் கேட்டு மாதக்கணக்காகக் காத்திருக்கிறோம், இவர்கள் அந்தக் காலத்திலேயே இவ்வளவு செய்திருக்கிறார்களே என்றா. பிறகு பொதுக் கழிப்பிடம். நீளமான கல் வாங்கில் வரிசையாக ஓட்டைகள், நடுவில் தடுப்பே இல்லை. ரோமர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்து ஊர்க்கதை கதைத்தபடியே காரியத்தை முடிப்பார்களாம். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, என் கண் வாசல் பக்கமே இருந்தது.

"வராட்டில் பரவாயில்லை அண்ணா" என்றாள் நிரோஜா. பரவாயில்லை என்பவளின் முகம் அப்படி இருக்காது. கொஞ்சத்தில், கழிப்பறைக்குப் போய்விட்டு வருவதாகச் சொல்லி வாசல் பக்கம் நடந்தாள்.

அவள் போன பிறகுதான் அரங்குக்கு வந்தோம். வட்டமான மண்தரை, சுற்றிவரப் படி படியாக உயரும் கல் இருக்கைகள். அந்தக் காலத்தில் இங்கே மனிதர்களை மிருகங்களோடு மோதவிட்டார்களாம். அம்மையார் எல்லாரையும் மேல் வரிசைகளில் இருத்திவிட்டு, இந்தக் கட்டடத்தின் அதிசயம் ஒலிதான் என்றார். நடுவில் நின்று மெதுவாகச் சொன்னாலும் உச்சி வரிசைக்குக் கேட்கும். யாராவது இறங்கி நின்று அவரவர் தாய்மொழியில் ஏதாவது சொல்கிறீர்களா என்று கேட்டார். ஜெர்மன்காரர்கள் எல்லாரும் தங்கள் சப்பாத்தைப் பார்த்தார்கள்.

எனக்கு மைக்கைக் கண்டமாதிரி இருந்தது. பையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு இறங்கிப் போய் நட்டநடுவில் நின்றேன். என்ன சொல்லலாம் என்று யோசித்தபோது, இது நல்ல சந்தர்ப்பமாகப் பட்டது. நிரோஜா பக்கத்தில் இல்லை. அவள் இருக்கும்போது அம்மாவிடம் கதைக்க முடியாததை இப்போது கதைக்கலாம். சுற்றிவர இருப்பவர்களுக்கு ஒரு சொல் விளங்காது. புன்னகைத்தபடி, ஒரு கையை நெஞ்சில் வைத்து, வரவேற்புரை சொல்லும் தோரணையில் தொடங்கினேன்.

"அம்மா, உவை வரமாட்டினம் போல கிடக்கு. தப்பித்தவறி வந்தால் ஒண்டும் பாக்காமல் ஓம் எண்டு சொல்லுவம். எல்லாப் படத்திலயும் தொப்பி போட்டிருக்கிறான், ஆள் மொட்டைதான். அது பரவாயில்லை. ஏற்கெனவே ரெண்டு பேர் வேண்டாம் எண்டு போட்டாங்கள். இவனும் விட்டால் இவளுக்கு இனி ஆர் வரப்போகினம்?"

அம்மா மேலேயிருந்து கையை ஆட்டினா. கேட்கவில்லை என்கிறா என்று எடுத்துக்கொண்டேன். (கேட்கவில்லையாம். தொழிற்சாலை முழுக்கக் கேட்கும் தொண்டை, அதற்கு மேல் ரோமர்கள் கட்டிய அரங்கு.) ஆகவே கடைசி வசனத்தை இன்னும் அழுத்தமாக, ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாக, திரும்பவும் சொன்னேன்.

ஜெர்மன்காரர்கள் கைதட்டினார்கள். என்ன இனிமையான மொழி, இது கவிதையா என்று வழிகாட்டி கேட்டார். கடவுள் வாழ்த்து என்றேன். அப்போதுதான் அம்மா என்னைப் பார்க்கவில்லை, தன் முதுகுப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறா என்பது எனக்குப் பட்டது. உச்சி வரிசைக்கு மேலே, நடைவழியில் நிரோஜா நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் தொப்பி போட்ட ஒருவன். அவனுக்குப் பக்கத்தில் வயதான ஒருவர், மயூரனின் அப்பா. வீதி நெரிசலில் மாட்டிப் பிந்தி வந்தவர்களை வாசலில் கண்டு, இவளே அடையாளம் பிடித்துக் கூட்டிவந்திருக்கிறாள்.

பெரியவர்தான் முதலில் வாய் திறந்தார். அவர் குரலை உயர்த்தவே இல்லை. அந்த இடத்தில் உயர்த்தத் தேவையுமில்லை.

"ஓம் தம்பி. இங்க எல்லாம் வடிவாக் கேட்டது."

அவர் என்ன சொல்கிறார் என்று வழிகாட்டி ஆவலோடு கேட்க, ஒலியமைப்பு மிகச் சிறப்பாக இருக்கிறது என்று பெரியவரே சுத்தமான ஜெர்மனில் சொன்னார். அம்மையார் மகிழ்ந்துபோனார். அந்த அரங்கில் மிருகங்களுக்கு முன்னால் தள்ளப்பட்டவர்களை நான் பொறாமையோடு நினைத்துக்கொண்டேன். அவர்களுக்காவது விஷயம் கெதியாக முடிந்துவிட்டது.

எப்படிப் படியேறினேன் என்று தெரியாது. மயூரன் எனக்காக நின்றான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். என் கணிப்பில் பிழையில்லை, தலை பளிச்சென்று இருந்தது.

"அண்ணை, மொட்டை எண்டது சரிதான்" என்றான். "மற்றதைச் சொல்லியிருக்க வேண்டாம்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலித்தது. என் தங்கைக்காக நான் சொல்லியிருக்கவேண்டியதை, அவளை அரை மணித்தியாலமும் தெரியாத ஒருவன் என்னிடம் சொல்லிவிட்டுப் போனான். நிரோஜா என் பக்கம் திரும்பவில்லை. மிச்சப் பயணம் முழுவதும் வழிகாட்டியின் சிவப்புக் குடைக்குக் கீழே நடந்து, ரோமர்களின் சாக்கடைகளைப் பற்றிக் கேள்விமேல் கேள்வி கேட்டபடி போனாள். கொஞ்சத் தூரத்தில் மயூரனும் சேர்ந்துகொண்டு சாக்கடையில் ஆர்வம் காட்டினான். நான் கடைசியில், பையோடு நடந்தேன். தேநீர்க் கடையில் பெரியவர் ரோல்ஸைக் கடித்துப் பார்த்துவிட்டு, இதுவும் தற்செயலாகக் கொண்டுவந்ததுதானோ என்று அம்மாவிடம் விசாரித்தார்.

திரும்பி வரும்போது அம்மா நித்திரைபோல் நடித்தா. நான் காரை ஓட்டிக்கொண்டே, சும்மா பகிடிக்குச் சொன்னேன், மன்னித்துக்கொள் என்றேன். பின் இருக்கையிலிருந்து அவள் கேட்டாள்.

"நீ உண்மையாவே அப்பிடித்தான் நினைக்கிறியா அண்ணா?"

மைக் பிடித்தால் மணிக்கணக்கில் கதைக்கிற நான், வீதியிலேயே கண்ணாக ஓட்டுவதுபோல் பாவனை செய்தேன். ஏனென்றால் நினைத்திருந்தேன். அரிசி வாங்கப் போன இடத்தில் கண்ட அந்த அக்காவைவிட ஒரு படி மோசமாக நினைத்திருந்தேன். அந்த அக்கா கையைப் பிடித்துக்கொண்டாவது சொன்னா.

கல்யாணம் நடந்தது. மயூரனோடுதான். "மற்றதைச் சொல்லியிருக்க வேண்டாம்" என்று அவன் சொன்ன இடத்திலேயே தான் முடிவெடுத்துவிட்டதாக நிரோஜா பிறகு அம்மாவிடம் சொன்னாளாம். என்னோடு கதைக்கத்தான் அவளுக்கு இன்னும் சில மாதம் எடுத்தது. கல்யாண மண்டபத்தில் வாழ்த்துரை நேரம் பழக்கதோஷத்தில் என் கை மைக் பக்கம் நீண்டது. மயூரனின் அப்பா எழும்பி அதை மெதுவாக வாங்கி ஒரு பக்கம் வைத்தார்.

"தம்பிக்கு மைக் தேவையில்லை. எங்களுக்குத் தெரியும்."

அன்றிலிருந்து அது குடும்பப் பகிடி. யார் வீட்டில் விழா என்றாலும், நான் வாயைத் திறந்தால் மைக்கை ஒளிக்கிறார்கள். நிரோஜாவின் பிள்ளைகள்கூட நான் தொலைபேசியில் கதைக்கும்போது காதைப் பொத்திக்கொண்டு அரங்கு, அரங்கு என்கின்றன. கதையை எல்லாரிலும் நன்றாகச் சொல்பவள் நிரோஜாதான். என்னைப்போலவே நெஞ்சில் கையை வைத்து நின்று காட்டுவாள். மொட்டை என்ற இடத்தில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவள் அதோடு நிறுத்திவிடுவாள். நான் இரண்டு தடவை சொன்ன அந்தக் கடைசி வசனத்தை அவள் ஒருநாளும் சொன்னதில்லை. என்னைக் காப்பாற்றவா, தன்னைக் காப்பாற்றவா என்று கேட்க எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை. எல்லாரோடும் சேர்ந்து சிரித்துவிட்டுத் தேநீர்க் கோப்பையைக் கழுவும் சாட்டில் குசினிக்குப் போய்விடுவேன்.

இதை எழுதுமுன் அவளிடம் அனுமதி கேட்டேன். முழுவதையும் எழுதப்போகிறாயா என்றாள். ஓம் என்றேன், அந்த வசனத்தையும்தான்.

"எழுது அண்ணா" என்றாள். "ஆனால் மெல்லமா எழுது."